முதல் எதிர்மனுதாரர்

திண்டிவனம் கோர்ட்டிலிருந்து வந்த நோட்டீஸில் இரண்டே எதிர்மனுதாரர்கள். முதலாவது நான். இரண்டாவது, மாவட்ட ஆட்சியர் மூலமாக அரசு. ஐம்பது வயது வரைக்கும் எந்தக் காகிதத்திலும் கலெக்டருக்கு மேலே என் பெயர் வந்ததில்லை. வந்த அன்று பெருமையாக இல்லை. தபால்காரர் கையெழுத்துக்காக வாசலில் நிற்க, நான் குளியலறைக்குள் புகுந்து தாழ் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, "குளிச்சிட்டு இருக்கேன்" என்று கத்தினேன்.

"பாய், வாளி ரொம்பி வழியற சத்தம் இங்க கேக்குது," என்றார் அவர். "நீங்க வாங்கலன்னா கதவுல ஒட்டிட்டுப் போவாங்க. தெருவே படிக்கும். எப்படி வசதி?"

என் மனைவி கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டாள். அவளே பிரித்துப் படித்தாள். குளியலறைக் கதவை ஒரே ஒரு முறை தட்டி, "வெளிய வா. உன்ன விட்டா கவர்மெண்டு. வேற யாரும் மாட்டல," என்றாள்.

அவள் கடைசியாகச் சொன்னதில்தான் விஷயமே இருந்தது. மாட்ட வேண்டிய மூன்றாவது ஆள் ஒருவர் இருந்தார். அவர் பெயர் அந்தக் காகிதத்தில் இல்லவே இல்லை.

நான் அரசு ஜீப் ஓட்டுகிறவன். எந்தத் துறை என்று எழுத மாட்டேன். எழுதினால் எதிர்மனுதாரர் ஆகும் அடுத்த வாய்ப்பு உடனே வந்துவிடும். மரக்காணத்து உப்பளங்களுக்கு அவ்வப்போது ஆய்வுக்குப் போவோம். ஆய்வு என்றால், சார் ஜீப்பில் உட்கார்ந்தபடியே கண்ணாடியை இறக்கி, தூரத்தில் உப்பு வெள்ளையாக இருக்கிறதா என்று பார்ப்பார். இருக்கும். கண்ணாடியை ஏற்றிவிடுவார். ஆய்வு முடிந்தது. அதற்குப் பிறகு மூட்டை வரும்.

மூட்டை எங்கள் பக்கத்து வழக்கம். எந்தத் துறை ஜீப் உப்பளத்துக்கு வந்தாலும், கிளம்பும்போது பின்பக்கம் ஒரு மூட்டை உப்பு ஏறும். யாரும் கேட்பதில்லை, யாரும் வேண்டாம் என்பதுமில்லை. ஒரு குடும்பம் ஒரு ஜென்மத்தில் தின்றுதீர்க்க முடியாத உப்பு அந்த அதிகாரிகளின் வீடுகளில் கிடக்கும் என்று நினைக்கிறேன். ரத்தக் கொதிப்பு மாத்திரை வாங்கவும் என்னைத்தான் அனுப்புவார்கள்.

அன்று காலை ஒன்பது மணி. மூட்டை ரோட்டுக்கு வரவில்லை. வரப்பின் கடைசியில், உப்புக் குவியலுக்குப் பக்கத்தில் வைத்திருப்பதாகக் குத்தகைக்காரரின் ஆள் வந்து சொன்னான்.

"உள்ள வுடுங்க பாய்," என்றார் சார்.

"வரப்பு தாங்காது சார். மேலதான் வெள்ளையா கெட்டியா தெரியுது. கீழ சேறு."

"போன வாரம் டிராக்டர் போச்சுன்னு சொன்னாங்களே?"

"அது அந்தப் பக்கம் சார்."

"எல்லாம் ஒரே உப்புதான். வுடுங்க."

விட்டேன். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். இருபத்திரண்டு வருடச் சர்வீஸில் அந்தச் சொல்லை நான் ஒரு அதிகாரியிடமும் சொன்னதில்லை. வீட்டில் மட்டும் சொல்லுவேன், அதுவும் காதில் விழாத அளவுக்கு.

உள்ளே போகும்போது ஒன்றும் ஆகவில்லை. மூட்டையை ஏற்றினோம். வரப்பில் வண்டியைத் திருப்ப இடம் கிடையாது, ரிவர்ஸில்தான் வர வேண்டும். சார் முன் சீட்டில் போனில் பேசிக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால், தலையில் உப்புக் கூடையுடன் ஒரு அக்கா வந்துகொண்டிருந்தார். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. என்னை எப்போதும் "பாய்" என்று கூப்பிடுவார். பெருநாளன்று பிரியாணிக்குத் தூக்குச்சட்டியைத் தானே கொண்டு வந்து நீட்டுகிற உரிமை அவருக்கு உண்டு. ஜீப்பைப் பார்த்ததும் வரப்பை விட்டுப் பாத்தியில் இறங்கி, நாங்கள் போகட்டும் என்று நின்றார். ஓட்டுவது நான் என்பதால் பயப்படாமல் நின்றாராம். பிறகு கோர்ட்டில் சொன்னார்.

வரப்பு சரிந்தது. பின்சக்கரம் வழுக்கி, ஜீப் சாய்ந்துகொண்டே பாத்திக்குள் இறங்கியது. கூடை கவிழ்ந்தது. அவர் கத்தியது எனக்குக் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் பிரேக்குக்குப் பதில் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் உறைத்தது. வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு முறிந்திருந்தது. மூட்டை அவருக்குப் பக்கத்தில் விழுந்து கிழிந்து, உப்பு உப்போடு கலந்துவிட்டது.

நாலு பேர் சேர்ந்து அவரைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினோம். திரும்பிப் பார்த்தால் சார் இல்லை. வரப்போடு நடந்து ரோட்டுக்குப் போய்விட்டிருந்தார், அதே போன் அதே காதில்.

மாலை ஸ்டேஷனில் எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். ஓட்டுநர் அஜாக்கிரதையாக வண்டியைப் பின்னால் செலுத்தினார். சம்பவ நேரத்தில் அதிகாரி வண்டியில் இல்லை. பிரதான சாலையிலேயே இறங்கி நின்றிருந்தார். நான் வாயைத் திறந்தேன். ஏட்டு என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். பார்த்த கூலியாட்களை, "உங்களுக்கு எதுக்கு வம்பு?" என்று குத்தகைக்காரர் ஏற்கெனவே விசாரித்து முடித்திருந்தார்.

புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன். காலில் கம்பியும் கட்டுமாகப் படுத்திருந்த அக்கா என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். காலில் பார்வை கொஞ்சம் அதிக நேரம் நின்றது.

"யோவ், இன்னா வந்த? இன்னொரு கால் நல்லாருக்குதான்னு பாக்க வந்தியா?"

"அக்கா..."

"அக்காவா? நேத்து வரைக்கும் அக்கா. இனிமே வாயில அந்தப் பேச்சு வந்தா, ஆப்பிளாலயே அடிப்பேன். எடுத்துக்கினு போ."

பாய் போய், யோவ் வந்துவிட்டது. திரும்புகிற வழியில் ஆப்பிளை நானே தின்றேன். பதற்றத்தில் எனக்குப் பசி கூடும்.

இதற்குப் பிறகு இரண்டு மாதத்தில், அக்கா நஷ்டஈடு கேட்டுப் போட்ட வழக்கில் அந்த நோட்டீஸ். இதற்கிடையில் இன்னொன்றும் தெரிந்துகொண்டிருந்தேன்: அரசு ஜீப்புக்கு இன்சூரன்ஸ் கிடையாது. சட்டமே விலக்குக் கொடுத்திருக்கிறதாம். இருபத்திரண்டு வருடமாக இன்சூரன்ஸ் இல்லாத வண்டியில் சீட் பெல்ட் போட்டுக்கொண்டு போயிருக்கிறேன். அப்படியென்றால் யார் கொடுப்பார்கள்? கலெக்டர் கொடுப்பாரா? அவர் வீட்டை விற்பாரா? விற்க மாட்டார். நோட்டீஸில் மிச்சம் இருக்கிற ஆள் யார்? எனக்கு என் வீட்டுச் சுவர்கள் ஒவ்வொன்றாகக் கண்ணில் தெரிந்தன.

பத்திரம் எழுதுகிற ஒருவரிடம் ஓடினேன். "மனைவிக்கு ஹிபா குடுத்துடுங்க பாய்," என்றார் அவர். ஹிபா என்றால் எங்கள் வழக்கப்படி தானம். வாயால் சொன்னாலே போதும். "ஆனா மூணு விஷயம் முக்கியம். நீங்க குடுக்கறேன்னு சொல்லணும், அவங்க ஏத்துக்கணும், பொருள ஒப்படைச்சிடணும். ஒப்படைக்கலன்னா செல்லாது."

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து, இரண்டு சாட்சிகளை வாசலில் நிற்க வைத்து, கையில் சாவியுடன் மனைவி முன்னால் நின்றேன். நிக்காஹ் அன்று அவள் சம்மதம் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தில் எனக்கு மயக்கமே வந்திருந்தது. இந்த முறை நான் வாக்கியத்தை முடிப்பதற்குள் "கபூல்" என்றாள். சாவியை வாங்கிக்கொண்டாள்.

"இப்ப வீடு யாருது?"

"உன்னுது."

"ஒப்படைச்சாச்சா?"

"ஆச்சு."

"அப்ப செருப்ப வெளிய வுட்டுட்டு வா. பெருக்கி வெச்சிருக்கேன்."

சாட்சிகள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு இன்னும் அந்தத் தெருவில் இருக்கிறது.

அடுத்த திங்கட்கிழமை ஆபீஸ் கண்காணிப்பாளர் என்னைக் கூப்பிட்டு, எனக்கு நாற்காலி போட்டார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் நாற்காலி. நுனியில் மட்டும் உட்கார்ந்தேன். டைப் செய்து வைத்திருந்த ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினார். நான் எழுதிக் கொடுப்பது போன்ற கடிதம். சம்பவத்தன்று என் சொந்த உபயோகத்துக்கு உப்பு மூட்டை ஏற்றுவதற்காக, மேலதிகாரியின் அனுமதியின்றி, அரசு வாகனத்தை உப்பளத்துக்குள் ஓட்டிச் சென்றேன் என்று இருந்தது.

"மூட்டை சாரோடது சார்," என்றேன்.

"மூட்டையில பேரு எழுதியிருந்துச்சா?"

"இல்ல சார்."

"அப்ப யாரோடதா வேணா இருக்கலாமில்ல? ஏம்பா, யோசிச்சுப் பாரு. சாருக்குப் பிரமோஷன் நேரம். நீ கையெழுத்துப் போட்டா ஒரு சின்னத் தண்டனை, அதோட முடிஞ்சிடும். போடலன்னா இன்னிக்கே சஸ்பென்ஷன் ஆர்டர் டைப் பண்ண ஆளு இருக்கு. ரெண்டு நாள் டைம். அப்புறம், ஜீப் லாக் புக்கு உங்கிட்டதான இருக்குது? அதையும் கொண்டாந்து குடுத்துடு."

போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். வீடுதான் என் பெயரில் இல்லையே. இவ்வளவு சாமர்த்தியமான ஆள் மரக்காணத்தில் வேறு யாரும் கிடையாது என்று ஒரு எண்ணம். போடுவதற்கு முன் என் பெயரை நோட்டீஸிலிருந்து எடுக்கச் சொல்லிப் பார்க்கலாம் என்று, அக்காவின் வக்கீலைத் தேடித் திண்டிவனம் போனேன். எதிர்த்தரப்பு வக்கீலிடம் போய்க் கெஞ்சக் கூடாது என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் போயிருப்பேன்.

அவர் ஒரு பெண். மேசையில் சாப்பாட்டு டப்பா திறந்திருந்தது. கையைக் கழுவாமலே பேசினார்.

"உங்க மேல எனக்குப் பாசமெல்லாம் கெடையாது. சொல்ல வந்தத சொல்லுங்க."

"என் பேர மட்டும் எடுத்துடுங்கம்மா. கவர்மெண்டு மேலயே போடுங்க."

"தப்பு செஞ்ச ஆளே இல்லன்னா அந்த ஆளோட முதலாளிய எப்படிப் புடிக்கறது? உங்க முதலாளி யாரு?"

"எங்க சாரு."

"உங்க சாரும் உங்கள மாதிரி சம்பளத்துக்கு வேல பாக்கறவருதான். முதலாளி அரசாங்கம். அது வந்து கூண்டுல நிக்காது, அதனால கலெக்டர் மூலமான்னு போடறோம். நீங்க டூட்டியில வண்டி ஓட்டி ஒருத்தர் கால ஒடச்சா, அரசாங்கம் பதில் சொல்லணும். பணம் அதுதான் கட்டணும். உங்க வீட்டு மேல யாருக்கும் ஆசையில்ல."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். "அப்ப, நான் சொந்த வேலையா போனேன்னு எழுதிக் குடுத்தா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"யார் கேட்டாங்க?"

சொன்னேன்.

"எழுதிக் குடுங்க. அரசாங்க வக்கீல் அன்னிக்கே எழுந்து, இந்த ஆளு எங்க வேலையா போகல, வண்டியத் திருட்டுத்தனமா சொந்த வேலைக்கு எடுத்துட்டுப் போனாரு, எங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னு சொல்வாரு. அரசாங்கம் கழண்டுக்கும். அப்ப மிச்சம் நீங்க மட்டுந்தான். அந்தம்மா காலுக்கு உங்க வீடுதான்."

"வீடு என் வீட்டுக்காரி பேர்லம்மா."

"எப்பத்துலேருந்து?"

"போன வெள்ளிக்கிழமை."

"நோட்டீஸ் வந்தப்புறம்!" அவர் சிரித்ததில் சாதம் மேசையில் விழுந்தது. "கடன்காரன ஏமாத்தறதுக்காக எழுதினது நிக்காதுங்க. கேஸ் போட்டு உடைச்சிடலாம். உங்க பொண்டாட்டிக்குத் தெரியுமா இது?"

தெரியாது. அன்றிலிருந்து இன்றுவரை தெரியாது.

"உங்க சார் மேலயும் கேஸ் போட எனக்கு ஆசைதான்," என்றார் அவர் கடைசியாக. "ஜீப்புல அவர் இருந்தாருன்னு அந்தம்மா சொல்றாங்க. போலீஸ் இல்லன்னு எழுதியிருக்குது. இருந்தாருன்னு ஒரு காகிதம் இருந்தா நீங்க டூட்டியிலதான் போனீங்கன்னும் ஆயிடும். லாக் புக்குல அன்னிக்கு இன்னா எழுதியிருக்கீங்க?"

"ஒண்ணும் எழுதலம்மா. ஜீப் அன்னியிலேருந்து ஒர்க்‌ஷாப்புல கெடக்குது, புக்க பயத்துல அப்படியே வெச்சிருக்கேன். காலியா இருக்குது."

"காலியா இருந்தா பிரயோஜனமில்ல. போங்க."

பஸ்ஸில் வரும்போது அவரைத் திட்டினேன், சாரைத் திட்டினேன், கண்காணிப்பாளரின் நாற்காலியைத் திட்டினேன். உப்பைக்கூடத் திட்டினேன். வீட்டுக்கு வந்து, நாளைக்கு ஒப்படைக்க வேண்டிய லாக் புக்கை எடுத்துத் தூசி தட்டி, அந்தத் தேதிப் பக்கத்தைத் திறந்தேன்.

காலியாக இல்லை.

லாக் புக்கில் ஒரு நாளுக்கு ஒரு பக்கம். புறப்பட்ட இடம், போன இடம், கிலோமீட்டர், நோக்கம் எல்லாம் நான் எழுத வேண்டும். கீழே கடைசிக் கட்டத்தில், "பயணம் செய்த அலுவலர் கையொப்பம்." சார் தினமும் கையெழுத்துப் போட மாட்டார். ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி, டீ குடித்துக்கொண்டே, முப்பது பக்கத்தையும் புரட்டிப் புரட்டிப் பச்சை மையில் போட்டுக்கொடுத்துவிடுவார். அதற்கு மேலே நான் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். அவர் மகளை டியூஷனுக்குக் கொண்டுபோய் விட்டதைக் கடலோர ஆய்வு என்று எழுதியிருக்கிறேன். மச்சினன் கல்யாணத்துக்குப் போனது அவசர ஆலோசனைக் கூட்டம். எனக்குக் கற்பனை அதிகம் என்று என் வாத்தியார் அந்தக் காலத்திலேயே சொல்லியிருக்கிறார்.

அன்றைய பக்கத்திலும், மேலே வெள்ளையும் கீழே பச்சையுமாக, அவர் பயணம் செய்ததாக அவரே முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருந்தார்.

பேனாவை எடுத்தேன். தண்ணீர் குடித்தேன். எழுதினேன். காலை எட்டரை புறப்பாடு. உப்பளம் ஆய்வு, அதிகாரி வண்டியில். அதிகாரியின் உத்தரவுப்படி வரப்பில் வாகனம் செலுத்தப்பட்டது. உப்பு ஒரு மூட்டை, அதிகாரி வீட்டுக்கு. திரும்பும்போது வரப்பு சரிந்து பெண் தொழிலாளிக்குக் காலில் காயம். அந்தப் புத்தகத்தில் நான் எழுதிய முதல் உண்மை என்பதால் எழுத்து கொஞ்சம் கோணலாக வந்தது. என்று எழுதினேன் என்பதையும் ஓரத்தில் தேதியோடு குறித்தேன். பஸ் ஸ்டாண்ட் ஜெராக்ஸ் கடையில் அந்தப் பக்கத்தையும், அதற்குப் பின்னால் கையெழுத்து மட்டும் இருந்த வெறும் பக்கங்களையும் நகல் எடுத்து, வக்கீலம்மாவுக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கண்காணிப்பாளர் இந்த முறை நாற்காலி போடவில்லை. பக்கத்தைப் படித்தார். முகம் உப்பியது.

"இன்னாய்யா இது?"

"நடந்தது சார்."

"சார் எப்ப இதுல கையெழுத்துப் போட்டாரு?"

"ஒண்ணாந்தேதி சார்."

"அப்ப நீ அப்புறமா எழுதியிருக்க! வெத்துப் பக்கத்துல! இது மோசடி!"

"ஆமா சார். மாசாமாசம் வெத்துப் பக்கத்துலதான் எழுதறேன். முன்னாடியே கையெழுத்துப் போட்டுட்டேன், வெத்துப் பக்கத்துலன்னு சார் கோர்ட்டுல வந்து சொல்லட்டும். நானும் சொல்றேன். டியூஷன் கதையும் சேத்து சொல்றேன்."

நான் அதை நெஞ்சை நிமிர்த்திச் சொன்னது போலப் படித்துவிடாதீர்கள். கதவைப் பிடித்துக்கொண்டு, பாதி வெளியே நின்றபடி சொன்னேன். சொல்லி முடித்ததும் ஓடினேன்.

சஸ்பென்ஷன் ஆர்டர் மாலையே வந்தது. எட்டு மாதம் வீட்டில் இருந்தேன், அதாவது மனைவியின் வீட்டில். வாடகை என்று அவள் கேட்கவில்லை. பாத்திரம் கழுவச் சொன்னாள்.

கோர்ட்டில் என்னைக் கூண்டில் ஏற்றியபோது, அரசு வக்கீல் பக்கத்தைக் காட்டி, "இது நீங்கள் பின்னால் எழுதியதுதானே?" என்றார். ஆமாம் என்றேன். "பொய்யான பதிவுகள் எழுதிப் பழக்கம் உண்டா?" உண்டு என்றேன். எவ்வளவு காலமாக என்றார். எந்த சாருடையதிலிருந்து ஆரம்பிக்கட்டும் என்று கேட்டேன். நீதிபதி குனிந்து எதையோ எழுதினார், தோள் குலுங்கியது. சாரையும் கூப்பிட்டார்கள். கையெழுத்து என்னுடையதுதான், ஆனால் அன்று போடவில்லை என்றார். எப்போது போட்டீர்கள் என்று வக்கீலம்மா கேட்டார். சார் தண்ணீர் கேட்டார்.

தீர்ப்பில், ஓட்டுநர் பணியில் இருந்தபோதே விபத்து நடந்தது, இழப்பீட்டை அரசே கட்ட வேண்டும் என்று வந்தது. சாரிடமிருந்து வசூலிப்பது அரசுக்கும் அவருக்கும் உள்ள விஷயம். அது இன்னும் ஃபைலில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அவருடைய பிரமோஷன் அதைவிட வேகமாகச் சுற்றி வந்து சேர்ந்துவிட்டது. அஜாக்கிரதை வழக்கில் எனக்கு அபராதம், துறையில் ஊதிய உயர்வு வெட்டு. அக்காவின் காலில் இப்போதும் தகடு இருக்கிறது. கூடை தூக்க முடியாது. குவியலுக்குப் பக்கத்தில் ஓலைப் பந்தல் கட்டி உட்கார்ந்து, சாக்கு வாய் தைக்கிறார்.

போன மாதம் புது சாரை அழைத்துக்கொண்டு அங்கே போனேன். ரோட்டில் நிறுத்தினேன். கண்ணாடி இறங்கியது, உப்பு வெள்ளையாக இருந்தது, கண்ணாடி ஏறியது. குத்தகைக்காரரின் ஆள் வந்து, மூட்டை கடைசியில் இருக்கிறது என்றான்.

"உள்ள வுடுங்க பாய்," என்றார் புது சார்.

"மாட்டேன் சார்."

சொன்னது நானா என்று நானே திரும்பிப் பார்த்தேன். சாரும் பார்த்தார். அவருக்கு என் வழக்கைப் பற்றித் தெரிந்திருக்கும். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்ப நீங்களே போய்த் தூக்கிட்டு வாங்க," என்றார்.

அந்த வெயிலில், வரப்பின் முழு நீளமும் நடந்து போனேன். மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, அக்காவின் பந்தலைக் கடக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் ஊன்றுகோல். ஊசியை நிறுத்தாமலே தலையை நிமிர்த்தினார்.

"யோவ்," என்றார். "ஓரமா போவாத. நடுவுல நட. வரப்பு ஒடைஞ்சிடப் போவுது."

நடுவில் நடந்தேன்.